திமோனியேயின் எண்பது மெஷின்கள்

புதுச்சேரியில் நாங்கள் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், தையல் மெஷினைக் கண்டுபிடித்தவர் சிங்கர் என்று யாராவது சொல்லிவிட்டால் எங்கள் முசேவுக்குக் கோபம் வந்துவிடும். "திமோனியே!" என்று மேஜையைத் தட்டுவார்.

பார்த்தலெமி திமோனியே பிரான்சு நாட்டு ஏழைத் தையல்காரர். சங்கிலித் தையல் பூவேலைக்கு உதவும் கொக்கி ஊசி இருக்கிறதே, அதை மரத்தால் செய்த மெஷினில் பூட்டி, 1830இல் காப்புரிமை வாங்கினார். பாரீசில் சுமார் 80 மெஷின்களில் ராணுவத்துக்குச் சீருடை தைத்தார்கள். 1831இல் ஊர்த் தையல்காரர்கள் கும்பலாகப் புகுந்து அவற்றை உடைத்துப் போட்டார்கள். பிழைப்புப் போய்விடுமே என்ற பயம். மனிதர் 1857இல் வறுமையிலேயே செத்தார்.

முசே அந்தக் கும்பலைத் திட்டுவார், நாங்களும் சேர்ந்து திட்டுவோம். பிறகு எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, வேண்டாம் என்று எழுதிய மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கப்புறம் தையல்காரர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

இப்போது எழுபத்து நான்கு வயதில் அக்காவின் கால்மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே பழைய புடவை, நடுவில் பஞ்சு, அடியில் வேட்டி. மூன்றையும் சேர்த்துப் பூவேலை போலத் தைத்துப் போர்வையாக்க ஆசை.

மெஷினில் துணியைத் தானாக நகர்த்தும் பற்கள் இருக்கின்றன அல்லவா? எழும்பி, முன்னே தள்ளி, இறங்கி, பின்வாங்கும் அந்த நான்கு அசைவு அமெரிக்கர் ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்றது. நான் கற்கும் தையலுக்கு முதல் வேலையே அந்தப் பற்களை இறக்கிவிடுவதுதான்! துணி இனி நம் கைப்பாடு. கை வேகமாகப் போனால் தையல் நீளும். தயங்கினால் ஒரே இடத்தில் நூல் குவியும். வெடுக்கென்று இழுத்தால் ஊசி ஒடியும். மூன்று ஊசி ஒடித்தாயிற்று.

முதல் நாள் துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சிக்கிக்கொண்டது. "டேய் தம்பி, பின்னாடி இருக்கிற நெம்புகோலை இறக்கினியாடா?" என்றாள் அக்கா. இறக்கவில்லை. துணியை அழுத்தும் காலைத்தான் கழற்றியாயிற்றே, அதை எதற்கு இறக்குவது என்று நினைத்தேன். அது இறங்கினால்தான் மேல்நூலை இறுக்கும் தட்டுகள் பிடிக்குமாம்.

போன வாரம் ஒரு மாங்காய் தைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கத்தரிக்காய் நல்லா வந்திருக்கு" என்றாள்.