காற்றிரைச்சலுக்கு முன்னால் ஹெல்மெட்டும் இயர் ப்ளக்கும்

சென்னையிலிருந்து திருச்சிக்கு பைக்கில் போய் இறங்கிய ஒரு மாலை. டீக்கடையில் காசு எவ்வளவு என்று மூன்று முறை கேட்டேன். கடைக்காரரின் உதடு அசைந்தது தெரிந்தது, சொன்னது காதில் விழவில்லை. உள்ளே 'கொய்ங்' என்று ஒரே ரீங்காரம். மறுநாள் காலையில்தான் அடங்கியது. அன்று நான் போட்டிருந்தது முகம் முழுக்க மூடும் நல்ல ஹெல்மெட். தலையைக் காப்பது காதையும் காக்கும் என்று பல வருஷம் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை ஏன் தவறு என்றால், காற்றிரைச்சல் ஹெல்மெட்டிலேயே பிறக்கிறது. வேகம் 65 கி.மீ. வாக்கில் ஏறும்போதே எஞ்சின் சத்தத்தைக் காற்று மிஞ்சத் தொடங்கிவிடும். ஹெல்மெட் ஓட்டின் மேல் மோதும் காற்று சுழலும். கழுத்தருகே உள்ள திறப்பு வழியாக அந்த அதிர்வு உள்ளே ஏறும். இங்கிலாந்தின் பாத் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தாடைப் பகுதிக்குக் கீழே உள்ள அந்த இடைவெளியையும், பைக்கின் முன்கண்ணாடியிலிருந்து கிளம்பும் சுழற்காற்றையும் முக்கியக் காரணங்களாகக் காட்டியது. முன்கண்ணாடி வைத்தால் சத்தம் குறையும் என்று வாங்கி மாட்டி, அதன் விளிம்புக் காற்று நேராக ஹெல்மெட்டில் அடித்து இரைச்சல் கூடியவர்களும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. ஹெல்மெட்டின் உள்மெத்தை, கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை ஓரளவு தடுக்கும். காற்றின் 'ஹோ'வென்ற கனத்த ஒலியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 95 டெசிபெல்லை ஒட்டிய அளவு சாதாரணம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு 85 டெசிபெல்லுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியானால் 94க்கு ஒரே ஒரு மணி நேரம். திருச்சிக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. உட்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

இயர் ப்ளக் அடைப்பது காதுக் குழாயை. சத்தம் எங்கே பிறந்தாலும் அதற்குக் கவலையில்லை, வாசலிலேயே நிறுத்துகிறது. நுரை ப்ளக்கின் அட்டையில் 33 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருக்கும். நம் கைப்பழக்கத்துக்கு 20 கிடைத்தாலும் 95 என்பது 75 ஆகிவிடும். நாள் முழுக்க ஓட்டினாலும் அந்த அளவு காதை வருத்தாது. விலையோ ஒரு டீ, இரண்டு வடைக்கு ஆகும் காசுதான். சிலர் வைத்துக்கொள்ளும் வெறும் பஞ்சு இந்த வேலையைச் செய்யாது.

சரியாகப் போடாவிட்டால் ப்ளக்கும் வீண். விளக்குத்திரி உருட்டுவதுபோல விரல்களுக்கிடையே மெல்லியதாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, அரை நிமிஷம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ப்ளக் விரிந்து குழாயை நிரப்பும். பேசிப் பாருங்கள், உங்கள் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

"பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்காதே அண்ணா?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் ப்ளக் ஹார்னை மட்டும் குறைப்பதில்லை, அதை அமுக்கும் காற்றிரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது. வேகத்தில் போகும்போது ஹார்னை மூழ்கடிப்பது அந்த இரைச்சல்தான். என் அனுபவத்தில் நெடுஞ்சாலையில் ப்ளக்கோடு ஹார்ன் தெளிவாகவே கேட்கிறது. நுரை ப்ளக் உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் அதிகமாகவே அமுக்கும் என்பதும் உண்மை. பேச்சும் ஹார்னும் இன்னும் துல்லியமாக வேண்டுவோர்க்கு, எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் ஃபில்டர் வைத்த ப்ளக்குகள் இருக்கின்றன. விலை அதிகம், பல மாதம் உழைக்கும்.

ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு ப்ளக் தேவையில்லை, ஹெல்மெட் போதும். அங்கே காற்று இரைவதில்லை. சுற்றிலும் கேட்க வேண்டிய சத்தங்கள்தான் அதிகம். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. தொட்டுப் பல மணி நேரம் ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட் மட்டும் போதாது. கழுத்துப் பக்கம் இறுக்கமாகப் பொருந்தும் ஹெல்மெட்டும் அதற்குள் ப்ளக்கும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

ரீங்காரம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள். அடுத்த பயணத்துக்கு முன் ப்ளக்கை வீட்டிலேயே நாலைந்து முறை போட்டுப் பழகுங்கள். முதலில் ப்ளக், பிறகு ஹெல்மெட். மாட்டும்போது மெத்தை உரசி ப்ளக் நழுவிவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றி, ப்ளக்கை மறுபடி சரியாகப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.