ஆறு வருடம், ஒரே ஒரு ஞானஸ்நானம்: ஜட்சன் காத்திருந்த கதை



புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் நம்ம சபைகளில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பாங்க. அதை பைபிளுக்குள்ள பத்திரமா வைப்போம். டிசம்பரில் மறுபடி எடுத்துப் பார்த்து, "ஆண்டவரே, இது எப்போ நடக்கும்?" என்று கேட்காதவங்க நம்மில் எத்தனை பேர்? ஆபிரகாமுக்கே வாக்குத்தத்தத்துக்கும் ஈசாக்குக்கும் நடுவில் 25 வருடம் ஆச்சு. அந்த நடுவில் உள்ள காலத்தில் ஒரு விசுவாசி என்ன செய்யணும்? அதற்கு இன்றைக்கு சரித்திரத்திலிருந்து ஒருவரைப் பார்ப்போம். அவர் அதோனிராம் ஜட்சன்.

1812 பிப்ரவரியில் ஜட்சனும் மனைவி ஆனும் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினாங்க. கல்கத்தா வந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை இருக்க விடவில்லை. மொரீசியஸ் போய், அங்கிருந்து 1813 ஜூனில் நம்ம சென்னைக்கு வந்தாங்க. இங்கேயும் பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். சீக்கிரம் கிளம்பும் கப்பல் ரங்கூனுக்குப் போவது ஒன்றுதான். அதில் ஏறினாங்க. வழியில் ஆனுக்கு முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஜூலை 13-ம் தேதி ரங்கூனில் இறங்கினபோது அவங்க நிலைமை இதுதான்.

அடுத்த மூன்று வருடம் முழுக்க பாஷை படிப்பு. பர்மிய எழுத்தில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளியே இருக்காது. ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்து, நாள் முழுக்க எழுத்து எழுத்தா கத்துக்கிட்டார். 1816-ல் எட்டு மாதக் குழந்தை ரோஜரும் இறந்துபோனான். ஒரு பர்மியர்கூட இன்னும் விசுவாசத்துக்கு வரவில்லை.

அந்த வருடமே தன் நண்பர் லூதர் ரைஸுக்கு ஜட்சன் ஒரு கடிதம் எழுதினார். பலன் கிடைக்கும் என்பதற்கு என்ன நிச்சயம் என்று யாராவது கேட்டால், வாக்கு மாறாத சர்வ வல்லமையுள்ள தேவன் ஒருவர் இருக்கிறார், அந்த அளவு நிச்சயம் உண்டு என்று சொல்லச் சொன்னார். இருபது, முப்பது வருடம் உயிரோடிருந்தால் மறுபடி எங்களைப் பற்றிக் கேள்விப்படுவார்கள் என்றும் எழுதினார். கவனிங்க, அவர் கணக்கு போட்டது மாதங்களில் இல்லை.

அடுத்து நடந்ததில் சென்னை மறுபடி வருது. பர்மிய பாஷை பேசும் ஒரு கிறிஸ்தவரை உதவிக்கு அழைத்து வர, 1817 டிசம்பரில் ஜட்சன் சிட்டகாங் கிளம்பினார். மூன்று மாதத்தில் திரும்ப வேண்டியவர். காற்று திசைமாறி, கப்பல் சிட்டகாங் போகாமல் கடைசியில் மசூலிப்பட்டினத்தில் ஒதுங்கியது. அங்கிருந்து தரை வழியாக சுமார் 300 மைல் பயணம் செய்து சென்னை வந்து, ரங்கூன் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்.

ரங்கூனில் ஆனுக்கு ஒரு தகவலும் இல்லை. ஊரில் காலரா. யுத்தம் வரப்போகுது என்ற பேச்சு வேற. கூட இருந்த மிஷனரி குடும்பம் கிளம்பியபோது ஆனும் மனசில்லாமல் கப்பல் ஏறினாங்க. ஆனால் கப்பல் பழுதாகித் தாமதமானதும், இறங்கித் தனியாகவே வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. ஜட்சன் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அப்போது அவங்களுக்குத் தெரியாது. சில வாரங்களில், ஆகஸ்டில் அவர் வந்து சேர்ந்தார்.

1819-ல் வழிப்போக்கர்கள் வந்து உட்கார, சாலையோரம் ஒரு சாவடி கட்டினார் ஜட்சன். அந்த ஜூன் 27-ம் தேதி மௌங் நாவ் என்பவர் ஞானஸ்நானம் எடுத்தார். முதல் ஆள். ரங்கூன் வந்து கிட்டத்தட்ட ஆறு வருடம்.

இதோடு கதையை முடித்தால் இனிப்பா இருக்கும். ஆனால் சரித்திரம் அங்கே நிற்கவில்லை. 1824-ல் ஆங்கிலேய–பர்மிய யுத்தம் வந்தது. ஜட்சனை ஒற்றன் என்று சந்தேகித்து ஆவா சிறையில் விலங்கிட்டாங்க. அவர் எழுதின புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து சிறைக்கு அனுப்பினாங்க. கைதிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனபோது காவலர்கள் அந்தப் பஞ்சுச் சுருளைத் தூக்கி எறிந்தாங்க. மௌங் இங் என்ற சீஷர் அதை ஒரு ஞாபகத்துக்காக எடுத்து வைத்தார். பிறகுதான் உள்ளே இருந்த கையெழுத்துப் பிரதி தெரிய வந்தது.

1826-ல் ஆன் இறந்தாங்க. ஆறு மாதத்தில் மகள் மரியாவும். ஜட்சன் நொறுங்கிப் போனார். காட்டில் தனியாகக் குடிசை போட்டு வாழ்ந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்ற பொருளில் எழுதும் அளவுக்கு இருட்டு. விசுவாச வீரர் என்று நாம் படம் வரைகிற ஆளே இப்படி எழுதினார். அதை மறைக்காமல் சொல்லணும்.

அந்த இருட்டிலும் அவர் ஊழியத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பவில்லை. முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் 1834-ல் முடித்து, திருத்தி 1840-ல் வெளியிட்டார். அறுவடை பெரிதாக வந்ததோ அவர் முதலில் எதிர்பார்த்த பர்மியரிடம் இல்லை, கரேன் மக்களிடம். முன்பு கொள்ளைக்காரராக இருந்த கோ தா பியூ 1828-ல் ஞானஸ்நானம் எடுத்து, தன் ஜனங்களிடம் கிராமம் கிராமமாகப் போனார். ஜட்சன் 1850-ல் கப்பலில் இறந்தார். அடக்கமும் கடலிலேயே. அவருக்கு ஒரு கல்லறைகூட இல்லை.

எபிரெயர் 11-ம் அதிகாரத்தை இன்றைக்கு வீட்டில் வாசிச்சுப் பாருங்க. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே மரித்தவர்களையும் அது விசுவாசப் பட்டியலில்தான் வைக்குது. ஜட்சன் காத்திருந்தார் என்றால் கையைக் கட்டி உட்கார்ந்தார் என்று அர்த்தமில்லை. பாஷை படித்தார், சாவடி கட்டினார், அழுதார், அடுத்த வசனத்தை மொழிபெயர்த்தார். உங்க அட்டையில் உள்ள வசனம் இந்த டிசம்பருக்குள் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில் நீங்க செய்ய வேண்டிய வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் செய்யுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கர்த்தர் உங்களோடு இருப்பாராக.