செவ்வாய்க்கு வெட்டிய வாய்க்கால்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள பிளாக்ஸ்டாஃப் என்னும் ஊரில், பாஸ்டன் நகரச் செல்வந்தர் பெர்சிவல் லோவல் 1894-இல் நிறுவிய வானாய்வகம், வேற்றுலக உயிர்களைப் பற்றிய நவீன நம்பிக்கையின் பிறப்பிடங்களுள் ஒன்று. இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி 1877-இல் செவ்வாயில் கண்டு வரைந்த கோடுகளை, துருவப் பனி உருகிய நீரை வறண்ட நிலங்களுக்குக் கொண்டுசெல்ல அங்குள்ளோர் வெட்டிய பாசன வாய்க்கால்கள் என லோவல் விளக்கினார். அரிசோனாவின் பாலைநிலத்தையும் அங்கே கல்லாய்ச் சமைந்து கிடக்கும் பழங்கால மரங்களையும் அவர் சான்றுக்கு அழைத்தார். பூமியிலேயே பாலை பரவுகிறதெனில், அதைவிடச் சிறியதாகையால் விரைவில் முதுமையடைந்த செவ்வாயில் அது முற்றியிருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு.

டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தனித்துக் கண்டறிந்த ஆல்பிரெட் ரஸல் வாலஸ், 1907-இல் தம் 84-ஆம் வயதில் இதற்கு மறுப்பாகத் தனி நூலே எழுதினார். அத்தனை தொலைவு பாலையைக் கடக்கும் நீர், போய்ச் சேருமுன்னரே ஆவியாகியும் மண்ணில் சுவறியும் தீர்ந்துவிடும் என்ற அவரது வாதம், கடைமடை உழவர் எவருக்கும் விளக்காமலே விளங்கும்.

எனினும், கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை தந்தவர்கள் பள்ளிச் சிறுவர்கள். கிரீனிச் வானியலாளர் வால்டர் மாண்டர், வாய்க்கால் ஏதுமின்றிப் புள்ளிகள் கொண்ட செவ்வாய்ப் படமொன்றை அவர்கள்முன் வைத்து, பார்த்து வரையச் சொன்ன சோதனையின் முடிவு 1903-இல் வெளியாயிற்று. அருகில் இருந்தவர்கள் புள்ளிகளைப் புள்ளிகளாகவே வரைந்தனர். தொலைவில் இருந்தோருக்கு அவை தெரியவே இல்லை. நடுவில் அமர்ந்தவர்களோ நேர்க்கோடுகளை இழுத்திருந்தனர். லோவல் வெள்ளிக் கோளிலும் ஆரக்கால்கள் போன்ற கோடுகளைக் கண்டார். தொலைநோக்கியின் வாயை மிகவும் சுருக்கியதால், தம் விழித்திரை இரத்தக் குழாய்களின் நிழலையே அவர் வரைந்திருக்கலாம் என்பர் பிற்காலத்தார்.

1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயை எடுத்த 22 படங்களில் குழிகள் இருந்தன, வாய்க்கால் இல்லை.

ஆயினும் லோவலை எள்ளி நகையாடுவது நேர்மையாகாது. சுருள் வடிவ வான்முகில்கள் உருவாகிவரும் கோள் குடும்பங்களாக இருக்கலாம் என்றெண்ணி, அவற்றின் நிறமாலையை, அதாவது ஒளி நிறம்நிறமாகப் பிரியும் பட்டையை, ஆராயும்படி உதவியாளர் வெஸ்டோ ஸ்லைஃபரைப் பணித்தவர் அவரே. 1912-இல் அவற்றுள் ஒன்றான ஆண்ட்ரொமீடா நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி வருவதாக அளந்த ஸ்லைஃபர், அடுத்தடுத்து அளந்தவற்றுள் பெரும்பாலானவை விலகி ஓடுவதைக் கண்டார். பிரபஞ்சம் விரிகிறது என்ற முடிவுக்கு அடித்தளமான அளவீடுகளுள் முதன்மையானவை இவை.