எசாவ், கேத்தரின் (1898–1997)

தாவர உள்ளமைப்பியல் அறிஞர். இன்றைய உக்ரைனின் தினிப்ரோ நகரில், அப்போதைய ரஷ்யப் பேரரசின் எக்கத்தெரினோஸ்லாவில், ஜெர்மன் வழி வந்த மென்னோனைட் கிறித்தவக் குடும்பத்தில் 1898 ஏப்ரல் 3 அன்று பிறந்தார். தந்தை அந்நகர மேயராக இருந்தவர். மாஸ்கோவில் தொடங்கிய வேளாண் படிப்பை ரஷ்யப் புரட்சி குலைத்தது. முதல் உலகப் போரின் முடிவில் உக்ரைனிலிருந்து பின்வாங்கிய ஜெர்மன் படைகளுடன் குடும்பம் பெர்லினுக்குத் தப்பியது. அங்கே படிப்பை முடித்து, 1922இல் கலிபோர்னியா சேர்ந்தார்.

ஸ்ப்ரெக்கெல்ஸ் சர்க்கரை நிறுவனத்தில், சுருள்நுனி நோயைத் தாங்கும் சர்க்கரை பீட் ரகத்தை உருவாக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. தத்துப்பூச்சி பரப்பும் வைரஸால் வரும் நோய் அது. அதே ஆய்வைத் தொடர 1928இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்கு வந்தபோது ஒரு தடை எழுந்தது. வைரஸ் ஏந்திய பூச்சிகளைத் திறந்த வயலில் விட்டால் சுற்றியுள்ள பயிர்களுக்கும் நோய் பரவும். எனவே ரக உருவாக்கத்தைக் கைவிட்டு, நோய் செடிக்குள் என்ன செய்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினார். முனைவர் பட்டம் பெற்ற ஆண்டு 1931 என்றும் 1932 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது.

ரக உருவாக்கத்திலிருந்து நுண்ணோக்கிக்கு மாறிய அந்தத் திருப்பமே அவரைப் புளோயத்திடம் கொண்டு சேர்த்தது. இலையில் உண்டாகும் உணவைக் கடத்தும் இத்திசு ஆய்வாளருக்கு எளிதில் பிடிகொடுக்காது. முதிர்ந்த சல்லடைக் குழாய்ச் செல்லில் உட்கரு இராது. ஆயினும் அது உயிருள்ள செல். உள்ளே அழுத்தம் மிகுதி. தண்டை வெட்டிய கணமே உள்ளிருப்பது பாய்ந்து சல்லடைத் துளைகளை அடைத்துவிடும். பார்க்க வந்ததைப் பார்க்கும் செயலே குலைத்துவிடும். பல வளர்ச்சி நிலைகளில் எடுத்த மெல்லிய சீவல்களை வரிசையாக ஒப்பிட்டு, நோயின் முதல் சிதைவு முதிர்ந்த சல்லடைக் குழாய்களை ஒட்டியே தோன்றுவதை எசாவ் காட்டினார். நோயுற்ற திசுவைப் புரிந்துகொள்ள முதலில் நலமான திசு எப்படி உருவாகிறது என்று அறிய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவருடைய பணியின் பெருமை இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

1932இல் டேவிஸில் பயிற்றுநராகச் சேர்ந்தவர், 1949இல்தான் முழுப் பேராசிரியரானார். பெண் என்பதே இத்தாமதத்துக்குக் காரணமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தமக்கு அப்படித் தோன்றியதில்லை என்றே அவர் கூறியிருக்கிறார்.

1953இல் வெளிவந்த ‘பிளான்ட் அனாட்டமி’ 700க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. செல்களை அவை வளரும் போக்கில் விளக்கியதால் பாடநூலாக நிலைத்தது. 1957இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1963இல் சாண்டா பார்பரா வளாகத்துக்கு மாறினார். 1965இல் ஓய்வுபெற்ற பின்னும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை விடவில்லை. பீட் மஞ்சள் நோய் வைரஸ் துகள்கள் செல்களை இணைக்கும் நுண்ணிழைப் பாதைகளுக்குள் இருப்பதைச் சக ஆய்வாளர்களுடன் படமெடுத்துக் காட்டினார்.

1989இல் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். 1997 ஜூன் 4 அன்று காலமானார். ‘பிளான்ட் அனாட்டமி’யின் மூன்றாம் பதிப்பு, அவருடைய மாணவர் ரே எவர்ட் எழுதி, எசாவின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி 2006இல் வெளிவந்தது.