குண்டு துளைக்காத உடம்பு

1900இல் பீக்கிங் தூதரகங்களை முற்றுகையிட்டவர்களை எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'பொக்ஸேர்' என்பார். வட சீனத்து வறட்சியில் வாடிய குடியானவப் பிள்ளைகள். அந்நியர் மீது அவர்களுக்கிருந்த கோபத்தில் நியாயம் இருந்தது. சண்டைப் பயிற்சியோடு மந்திரமும் ஓதினால் உடம்பில் தெய்வம் இறங்கும், துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்றார்கள் ஆசான்கள். நம்பி, வாளோடு ஓடினார்கள். குண்டு துளைத்தது.

அப்போதும் வித்தையின் மேல் பழி விழவில்லை. செத்தவன் நியமம் தவறினான், பெண்களின் தீட்டுப் பட்டது என்றார்கள். அடுத்த பிள்ளையும் ஓடினான்.

55 நாளில் முற்றுகை முறிந்தது. 1901 உடன்படிக்கையில் சீனாவுக்கு 45 கோடி டேல் வெள்ளி தண்டம்.

பேரனைக் கராத்தேயில் சேர்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: அடிபட்டால் மாஸ்டர் பாடத்தைத் திருத்துகிறாரா, பிள்ளையின் பக்தியில் குறை காண்கிறாரா?