மவுண்ட் செய்த பகிர்வில் அனுமதிச் சிக்கல்: மறையூர்ச் சூழலில் ஓர் ஆய்வு

1. களம்

கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி லினக்ஸை நம்பி நடப்பது. 2001இல் பிறந்த ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று; அது தரும் இயங்குதளம் உபுண்டுவின் மேல் அமைந்தது. கேரளத்தில் உள்ள மறையூரின் தமிழ்ப் பிள்ளைகளும் அதில்தான் கற்கிறார்கள். எனவே "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தியை அவர்களுக்குத் தமிழில் விளக்கியாக வேண்டும். அது கண்ணில் பட்டதும் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையைத் தட்டுவது பலரது வழக்கம். அதற்குமுன் ஃபைண்ட்எம்என்டி கட்டளையால் வட்டுப் பகிர்வின் வடிவத்தையும் மவுண்ட் தெரிவுகளையும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

2. எக்ஸ்ட்4: எண்ணே உரிமையாளர்

எக்ஸ்ட்4 பகிர்வு உரிமையாளரின் பெயரைச் சேமிப்பதில்லை, எண்ணை மட்டுமே சேமிக்கிறது. உபுண்டுவில் முதல் பயனர் 1000, அடுத்தவர் 1001. ஆசிரியரின் வட்டை வேறு கணினியில் செருகினால், அங்கே 1000 எண் யாருக்கோ அவரே உரிமையாளர்; அந்த ஆசிரியரே அங்கு 1001 ஆக இருந்தால் தம் கோப்பை அவரால் திருத்த முடியாது. எல்எஸ் கட்டளையை -எல்என் தெரிவுடன் இட்டால் எண்கள் தெரியும். ஐடி கட்டளை நம் எண்ணைச் சொல்லும். இரண்டும் பொருந்தாவிட்டால் சிஎச்ஓன் மூலம் உரிமையை மாற்றலாம். இதை மவுண்ட் செய்த பிறகே செய்ய வேண்டும். முன்பே செய்தால் அடியிலிருக்கும் வெற்றுக் கோப்புறைதான் மாறும். மவுண்ட் ஆனதும் பகிர்வின் மூலக் கோப்புறை அதை மறைத்துவிடும்.

3. ஃபேட்32, என்டிஎஃப்எஸ்

ஃபேட்32இல் உரிமையாளரைக் குறிக்க இடமே கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸில் விண்டோஸின் அனுமதிப் பட்டியல் உண்டு. லினக்ஸ் வழக்கமாக அதைப் பின்பற்றுவதில்லை. திரையில் தெரியும் உரிமை மவுண்ட் செய்யும் வேளையில் தரப்பட்டது. அங்கே சிஎச்மோட் பொதுவாகப் பலிக்காது. எஃப்எஸ்டேப் கோப்பில் யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் மதிப்புகளைத் தந்து மீண்டும் மவுண்ட் செய்ய வேண்டும். யூமாஸ்க் நீக்கவேண்டிய அனுமதியைக் குறிப்பது: 022 என்றால் 755 கிடைக்கும்.

4. எழுதவே முடியாத நிலை

செய்தி "படிக்க மட்டும்" என்று சொன்னால் உரிமையை ஆராய்வது வீண். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி என்டிஎஃப்எஸ் பகிர்வை முழுமையாக மூடாமல் விட்டிருக்கலாம். அவ்வசதியை நிறுத்தி விண்டோஸை முறையாக மூட வேண்டும். எக்ஸ்ட்4இல் பிழை நேர்ந்தும் இந்த நிலை வரலாம்; பகிர்வை அன்மவுண்ட் செய்து எஃப்எஸ்சிகே ஓட்டுவது முறை.

5. 777 என்னும் குறுக்குவழி

பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஆய்வகத்தில், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் அளிக்கும் 777 தருவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்: ஒரு மாணவி செய்த பாடத்தை வேறு யாரும் அழித்துவிடலாம். சேர்ந்து செய்யும் பாடத்துக்கு ஒரு குழு அமைத்து, கோப்புறைக்கு 2775 கொடுத்தால் உள்ளே உருவாகும் கோப்புகள் அக்குழுவையே சேரும். பயனர்களின் யூமாஸ்க் 002 ஆக இருந்தால் குழுவினர் அவற்றைத் திருத்தலாம். மற்றவர்கள் படிக்க மட்டுமே முடியும்.