பரோடாவில் பதினோரு நாட்கள்

வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு ஏற்படும் தடுமாற்றத்தைப் பற்றிச் சமூகவியலில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆல்ஃபிரட் ஷூட்ஸ் 1945இல் எழுதிய ‘வீடு திரும்புபவர்’ கட்டுரையை நம்மில் சிலர் முதுகலை வகுப்பில் படித்திருப்போம். போனவரும் மாறிவிட்டார், வீடும் மாறிவிட்டது, இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணத் திணறுகின்றன என்பது அதன் சாரம். நல்ல கட்டுரைதான். ஆனால், வீடு கொஞ்சமும் மாறாமல் இருப்பதே ஒருவருக்குப் பிரச்சினையானால் என்ன செய்வது? அதற்கு நாம் அந்தக் கட்டுரையைவிட்டு வெளியே வந்து, 1917ஆம் ஆண்டு பரோடா ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும்.

அண்ணல் அம்பேத்கருக்கு அப்போது வயது 26. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1916இல் இந்தியாவில் சாதிகள் குறித்த தன் புகழ்பெற்ற ஆய்வுரையை அங்கே வாசித்தார். பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். போர்க்காலம் அது. அரசுக் கல்வித்துறையில் காலியிடங்கள் பல இருந்தன. வேறு வாய்ப்புகளும் வந்தன. அவற்றை விட்டுவிட்டுத்தான் பரோடாவுக்குப் போனார்.

ரயிலை விட்டு இறங்கியதும் அவர் முன் நின்ற கேள்வி ஒன்றுதான். எங்கே தங்குவது? ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற சிறு தன்வரலாற்றுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த ஐந்து ஆண்டுகள், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டன என்கிறார். (கணக்குப் பார்த்தால் நான்கு ஆண்டுகள்தான். அவருக்கு ஐந்தாகத் தோன்றியிருக்கிறது.) அந்த நினைப்பு திரும்பிவர ஒரு ரயில் நிலைய வாசல் போதுமானதாக இருந்தது. இந்து விடுதிகள் இடம் தராது என்று அவருக்குத் தெரியும். பொய் சொல்லி உள்ளே போனால், கண்டுபிடிக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதும் தெரியும். அமெரிக்காவில் உடன் படித்த நண்பர்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட மனம் துணியவில்லை. அங்கே ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் இங்கே எப்படி நடந்துகொள்வார்கள்?

கடைசியில் ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். பார்சிகள் ஜொராஸ்டிரிய மதத்தவர், தீண்டாமை அவர்களுடைய மதத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. பார்சி அல்லாதவரைத் தங்கவைக்கக்கூடாது என்பது விடுதியின் விதி. காவலாளிக்கோ ஆளே வராத விடுதியில் நாலு காசு கிடைத்தால் போதும். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கொலம்பியாவில் சாதியின் தோற்றத்தை ஆராய்ந்து கட்டுரை படித்த மனிதர், சொந்த நாட்டில் படுத்துறங்க ஓர் இடம் கிடைப்பதற்குத் தன் பெயரை மறைக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருந்தபோது அவருக்கு அந்தத் தேவை வரவில்லை.

விடுதி மாடியில் ஒரு சிறு படுக்கையறை. பக்கத்தில் உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் அடைந்து கிடந்த பெரிய கூடம். மின்விளக்கு கிடையாது. காவலாளி கொண்டுவரும் அரிக்கேன் விளக்குதான். வௌவால்கள் பறக்கும். பேச ஆளில்லாத தனிமையை மறக்கப் புத்தகம் படித்தார். பகலில் சமஸ்தானக் கணக்குத் தலைமை அலுவலகத்தில் பயிற்சி அலுவலர். இரவில் அந்த இருட்டறை.

பதினோராம் நாள் காலை. நூலகத்தில் திருப்பித் தரவேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் கிளம்பும் நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம். பன்னிரண்டு பேர் அளவில் பார்சிகள், ஆளுக்கொரு தடியுடன். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டாய், மாலைக்குள் வெளியேறு என்றார்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் பார்சிக்கும் தீண்டத்தகாதவனே என்பதை அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டதாக எழுதுகிறார்.

அன்று பகல் இரண்டு நண்பர்களிடம் போனார். இந்து நண்பர் உண்மையாகவே வருந்தினார். ஆனால் நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்றார். அடுத்தவர் கிறித்தவர், சாதியில் நம்பிக்கை இல்லை என்று முன்பு சொன்னவர். மனைவி நாளை வருகிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தத் தம்பதி பார்ப்பனக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர்கள் என்பது அம்பேத்கருக்குப் பின்னால் தெரிந்தது. யாருமே அவரை வெறுக்கிறேன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்கு வேலைக்காரர்கள் தடை, இன்னொருவருக்கு மனைவி. இன்று நகரங்களில் வாடகை வீடு தேடும் தலித் மாணவர்களுக்கு இந்தப் பதில்களின் மொழி பழக்கமானதாகவே இருக்கும். ‘எங்களுக்கு ஒன்றுமில்லை, மாமியார்தான் ஒரு மாதிரி’ என்பார்கள்.

பம்பாய் ரயில் இரவு 9 மணிக்கு. அதுவரை காமாட்டி பாக் என்ற பொதுப்பூங்காவில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்குப் பெட்டியை எடுக்க விடுதிக்குப் போனபோது காவலாளி வெளியே வந்தார். இருவரும் பேசவில்லை. கணக்கைத் தீர்த்தார், காவலாளி மௌனமாக வாங்கிக்கொண்டார். நாம் இந்தக் குறிப்பில் அதிகம் நினைத்துப் பார்ப்பது அந்த மௌனத்தைத்தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் அந்த நாளைக் கண்ணீரில்லாமல் நினைக்க முடியவில்லை என்கிறார் அம்பேத்கர்.

பரோடா பிற்போக்கான சமஸ்தானம் அல்ல. 1906இலேயே கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்த இடம். ஓர் இளைஞனைக் கடல் கடந்து அனுப்பிப் படிக்கவைக்க மன்னரால் முடிந்தது. திரும்பி வந்தவனுக்குத் தன் தலைநகரிலேயே ஓர் அறை கிடைக்கச் செய்ய முடியவில்லை. அரசாணை போய் நுழைய முடியாத இடம் வீடு என்பதை அம்பேத்கர் இப்படித்தான் பட்டுத் தெரிந்துகொண்டார். சமூகச் சீர்திருத்தத்தை முன்வைத்து அவர் பின்னால் வாதாடியதை எல்லாம் இந்தப் பதினோரு நாட்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

பிறகு 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் தண்ணீர்ப் பானையில் சிக்கல். 1920 ஜனவரியில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும் நண்பரிடம் வாங்கிய கடனோடும் லண்டன் சென்று, விட்ட படிப்பை முடித்தார்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான ஒரு திரும்புதல் உண்டு. ‘பறையன்’ இதழை 1893இல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிவிட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது. நீதிமன்றத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், ஊர்த் தெருவில் நடக்கும் உரிமையைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பின்னர் வட்டமேசை மாநாட்டில் இவரும் அம்பேத்கரும் ஒன்றாகப் போய் அமர்ந்தார்கள்.

இவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், ஆகவே நமக்குக் கதை கிடைத்தது. எழுதாதவர்கள் எத்தனையோ பேர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். ‘தாயகம்’ அவர்கள் பார்த்திராத ஊர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியே போனார்கள். தொழில் தொடங்கச் சிறு கடன் கிடைத்தது, பழக்கமில்லாத ஊரில் அது கரைந்தது. பலர் மறுபடி கொழுந்து பறிக்கவே போனார்கள். 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் ஒரு பகுதியினரை ஏற்றுக்கொண்டன. தோட்ட லயத்தில் சாதி இல்லாமல் இல்லை. ஆனாலும் தாத்தா விட்டுப்போன ஊருக்குத் திரும்பியவர்களுக்குச் சேரி எந்தப் பக்கம் என்பதை ஊர் உடனே காட்டிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்குப் போனால் பழைய ஆவணம் கேட்டார்கள். ஊரில் நடத்துவதற்கு ஆவணம் தேவைப்படவில்லை, உரிமை தருவதற்கு மட்டும் தேவைப்பட்டது.

இப்போது வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தோழர்களுக்கு ஒரு தகவல். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை விதிகளை 2022இல் ஒன்றிய அரசு மாற்றியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு அந்த உதவி இல்லை என்றது. 1916இல் அம்பேத்கர் வாசித்த அந்த ஆய்வுரையின் தலைப்போடு இந்த விதியின்கீழ் விண்ணப்பித்தால் நிராகரிப்புத்தான் வரும்.

உங்கள் வீட்டில் இலங்கையிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ திரும்பியவர் இருந்தால், வந்த முதல் மாதம் எங்கே தங்கினார், யார் வீட்டில் தண்ணீர் குடித்தார் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடும் ஊர்ப் பெயரோடும் எழுதி வையுங்கள்.